கோச் என்ற சொல்

ஜனார்த்தன் மூன்று கிழமையாகக் காத்திருந்த அழைப்பு ஒரு புதன்கிழமை பின்னேரம் வந்தது. வந்தது அவனுடைய போனுக்கு அல்ல, மனைவி கம்சாயினியின் போனுக்கு.

ஓக்லண்டில், எப்சம் பகுதியில், எல்ம்பரி காலேஜ் என்று ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். இந்த நாட்டில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தைத்தான் காலேஜ் என்பார்கள். அங்கே கரப்பந்தாட்ட அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் தேவை என்று விளம்பரம் வந்ததும், டனீடனில் படிக்கும் மகளிடம் அனுப்பி இங்கிலீஷைத் திருத்திக்கொண்டு ஜனார்த்தன் விண்ணப்பித்திருந்தான். தாங்கள் இருக்கும் ரானுயியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சமோவாப் பிள்ளைகளுக்குமாகப் பதினொரு வருடம் கழகம் நடத்துகிறவன். தன்னை விட்டால் யாரை எடுக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பயிற்சியைப் பார்ப்பதாக அந்தப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர் பதில் போட்டிருந்தார். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை. அவர் வந்த ஞாயிறு பார்த்து மங்கரே விமான நிலையத்தில் சரக்கு விமானம் பிந்திவிட்டது. ஜனார்த்தன் வேலை செய்யும் கொட்டகையில் ஆள் போதாமல் அவனை மறித்து வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பயிற்சியை நடத்தியது கம்சாயினி. வாசலில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்ற வெள்ளைக்காரரை யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் என்றுதான் அவள் நினைத்தாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் அவனைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, இவை என்னையாம் கேக்கினம்."

"என்னத்துக்கு?"

"கோச்சா வரச் சொல்லி."

"நல்லதுதானே. ஓம் எண்டு சொல்லும்," என்றான். அவள் தயங்குவதைக் கண்டு, "சொல்லுமன்!" என்று இன்னொரு முறை, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்.

உண்மையைச் சொன்னால், இருவரில் ஆட்டக்காரி அவள்தான். யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் மாவட்ட அணிக்கு ஆடியவள். அவன் தன் பள்ளிக்கூட அணியில் மாற்று ஆளாக வாங்கிலில் இருந்தவன். ஆனால் இங்கே வந்த பிறகு கழகம் தொடங்கியது அவன். மண்டபத்துத் திறப்புக்காகக் கவுன்சிலில் கெஞ்சியது, வலை கட்டியது, விசில் வாங்கியது எல்லாம் அவன். கம்சாயினி உதவிக்கு வந்தாள். பிள்ளைகள் அவனைக் கோச் என்றார்கள், அவளை ஆன்ட்டி என்றார்கள். பதினொரு வருடம் அது அப்படியே இருந்தது. அது ஒரு ஏற்பாடு என்றுகூட அவனுக்குத் தோன்றியதில்லை.

பள்ளிக்கூடம் அவளுக்கு ஒரு ஜாக்கெட் கொடுத்தது. கடும் நீலம். முதுகில் 'தலைமைப் பயிற்றுநர்' என்று இங்கிலீஷில் வெள்ளை நூலால் தைத்திருந்தது. வாசல் கொளுக்கியில் அவனுடைய மழைக்கோட்டுக்கு மேலேயே அதைக் கொழுவிவிட்டாள். மழைக்கோட்டை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்த ஜாக்கெட்டைத் தூக்க வேண்டும். இரண்டு நாள் தூக்கிப் பார்த்தான். மூன்றாம் நாள் மழைக்கோட்டைக் காரிலேயே போட்டுவிட்டு வந்தான்.

கோயிலில், தமிழ்க் கடையில், எங்கே போனாலும் இதே கதை. "மனுசிக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில வேலையாமே!" என்று யாராவது கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். "ஓம், நான்தானே பழக்கி எடுத்தது," என்று சிரிப்பான். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் அடுத்த ஆளிடமும் அதையேதான் சொன்னான்.

வேலை தொடங்கிய கிழமை கம்சாயினி மூன்று பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தாள். பள்ளிக்கூட அணிகளின் சங்கம் போட்ட விதிகள்.

"காலேஜ் கோச் வெளிக் கழகத்திலயும் வேலை செய்தா, அங்க இருக்கிற வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளையளோட பள்ளிக்கூடம் மாறுற கதை கதைக்கக் கூடாதாம். தாய் தேப்பன் தாங்களா வந்து கேட்டாலும், ஒஃபிஸில கேளுங்கோ எண்டு மட்டும்தான் சொல்லலாமாம். அப்பிடி ஆர் கேட்டது எண்டு ஏழு நாளைக்குள்ள சங்கத்துக்கு எழுதிக் குடுக்கவும் வேணும்."

"மீறினா?"

"கோச்சின்ட வேலை போகலாம். பிள்ளையும் ஒரு சீசனுக்கு முதல் அணியில விளையாடேலாது. வீட்டில இருக்கிற ஆக்களுக்கும் இது பொருந்துமாம், கேட்டீங்களோ?"

அவன் கேட்கவில்லை. கொளுக்கியில் தொங்கிய ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நீர் ஞாயிற்றுக்கிழமையில வரத் தேவையில்லை," என்றான். "ஏன் வீண் பிரச்சினை?"

"வரக் கூடாது எண்டு இதில இல்லையே. சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கலாம்."

"வேண்டாம். ரூல் எண்டா ரூல்."

அவள் தாளை மடித்தாள். சொல்லிவிட்ட பிறகு அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. மண்டபம் திரும்பவும் தனக்கே வந்துவிட்டது என்று நினைத்தான்.

அந்த நினைப்பைக் கெடுத்தவள் பிரணவி. வயது பதினைந்து. கழகத்திலேயே கெட்டிக்காரி, அடிக்கிறவளுக்கு ஏற்ற உயரத்தில், ஏற்ற நேரத்தில் பந்தைத் தூக்கிக் கொடுப்பதில் அவளை மிஞ்ச மேற்கு ஓக்லண்டில் ஆள் இல்லை. அவளைத் தான் செதுக்கி எடுத்ததாகத்தான் ஜனார்த்தன் எண்ணியிருந்தான். அவளோ ஒவ்வொரு ஞாயிறும் பையைக் கீழே வைக்க முதலே, "ஆன்ட்டி இண்டைக்கும் வரேல்லையா?" என்று இங்கிலீஷில் கேட்பாள். இல்லை என்றதும் முகம் வாடிவிடும். நான் ஒருவன் இங்கே விசிலோடு நிற்கிறேனே என்று அவனுக்கு உள்ளுக்குள் எரியும்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிரணவியும் தாய் கஜானியும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கஜானி தாதி. கணவன் இல்லை. வேலை செய்யும் ஆஸ்பத்திரி பட்டணப் பக்கம் என்பதால், வருட முடிவில் எப்சமில் வாடகை வீடு பார்த்துக் குடிபோகிற யோசனை அவளுக்கு. ஆட்டிறைச்சிக் கறியை இரண்டாம் முறை போட்டுக்கொண்டு அந்தக் கதையை எடுத்தாள்.

"கம்சி, எங்கட புது வீட்டுக்கு உங்கட பள்ளிக்கூடம் கிட்ட. பிரணவியைச் சேர்க்கலாமோ?"

கம்சாயினியின் கை அகப்பையோடு நின்றது. "அக்கா, குறை நினைக்காதேங்கோ, இதை நான் உங்களோட கதைக்கேலாது. பள்ளிக்கூட ஒஃபிஸில கேளுங்கோ." அதோடு தட்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். பிரணவியும் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் குசினிக்குள்ளிருந்து இருவரும் அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மேசையில் கஜானியும் ஜனார்த்தனும். கஜானியின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"பிழையாக் கேட்டுட்டனோ, கோச்?"

அந்தச் சிரிப்புச் சத்தம் காதில் விழ விழ, ஜனார்த்தனுக்குத் தானும் ஒரு ஆள் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. "நீங்கள் பயப்பிடாதேங்கோ," என்றான். "நல்ல பள்ளிக்கூடம். அங்கத்தைய ஜிம்மைப் பாத்தா விடமாட்டீங்கள். நான் ஒரு சொல் சொல்லி வைக்கிறன். என்ர வீட்டுக்காரிதானே அங்க கோச்." சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்தது. எல்ம்பரியில் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருப்பது போல அந்த ஒரு நிமிடம் அவனே நம்பினான். அவர்கள் போன பிறகு அதை மறந்தும் போனான். கம்சாயினி மறக்கவில்லை, அன்றைக்கே கணினிக்கு முன் இருந்து, கஜானி கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சங்கத்துக்கு எழுதி அனுப்பினாள்.

பெப்ரவரியில் பள்ளிக்கூடம் தொடங்கி, எல்ம்பரியின் முதல் அணிப் பட்டியல் வெளியானது. மங்கரேயில் தேநீர் இடைவேளையில் ஜனார்த்தன் அதைப் போனில் பார்த்தான். நாலாவது பெயர் பிரணவி. அந்த ஞாயிறு அவள் பயிற்சிக்கும் வரவில்லை.

அவனால் வேறெதையும் நினைக்க முடியவில்லை. வேலை போயிற்று, பெயர் போயிற்று, இப்போது பிள்ளையையும் கொண்டுபோய்விட்டாள். குசினிக்குள் கேட்ட அந்தச் சிரிப்பை எடுத்து எடுத்து ஆராய்ந்தான். அதற்குள்தான் எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள். மேசையில் விதி கதைத்துவிட்டு, குசினிக்குள் பிள்ளையை மடக்கியிருக்கிறாள். நினைக்க நினைக்க அது நடந்ததைக் கண்ணால் கண்டது போலவே ஆகிவிட்டது.

கழகத்துப் பிள்ளையை எல்ம்பரி கோச் இழுத்துக்கொண்டார் என்று, கழகத்தின் பெயரில் சங்கத்துக்கு முறைப்பாடு எழுதினான். அது கழகத் தலைவர் சோதிலிங்கம் ஊடாகத்தான் போக வேண்டும். அவர் வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜனா, இது உம்மட மனுசியைப் பற்றியெல்லோ?"

"இது எல்ம்பரி கோச்சைப் பற்றி."

"வடிவா யோசிச்சனீரோ?"

"யோசிச்சுத்தான் எழுதினனான், அண்ணை."

ஐந்து நாள் கழித்து அவன் வேலையால் வந்தபோது கம்சாயினி மேசையில் இருந்தாள். முன்னால் சங்கத்தின் கடிதம். அதோடு வைத்திருந்த முறைப்பாட்டுப் பிரதியின் கீழே அவனுடைய கையெழுத்து.

"நீங்களோ எழுதினது?"

"கழகத்தின்ட கோச் எழுதினது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். அதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தான். "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றாள். பிறகு எழுந்து சோற்றைச் சூடாக்கி அவனுக்கு முன்னால் வைத்துவிட்டு, மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த ஒன்பது நாளும் அங்கேயே படுத்தாள்.

விசாரணைக்கு ஒரே காரில்தான் போனார்கள். வீட்டில் இருந்தது ஒரு கார்தான். சங்கத்தின் அலுவலகத்தில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற அதிபர்; வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய பெண். பிள்ளையைக் கூப்பிட வேண்டாம் என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். கஜானிக்கு அன்று வேலை. கடிதம் ஒன்று கொடுத்துவிட்டிருந்தாள்.

முதலில் கம்சாயினி ஒக்டோபரில் எழுதி அனுப்பியதைத் தலைவி வாசித்தார். தாய் கேட்டார், பதில் சொல்ல முடியாது என்று சொல்லி அலுவலகத்துக்கு அனுப்பினேன் என்று அதில் இருந்தது. பிறகு கஜானியின் கடிதத்தை எடுத்தார். நாலு வரிதான். மகளைத் தாங்களாக விரும்பித்தான் சேர்த்தோம், யாரும் வற்புறுத்தவில்லை என்று எழுதிவிட்டு, அது உதவும் என்று நினைத்தோ என்னவோ, கடைசி வரியில் இப்படிப் போட்டிருந்தாள்: 'சாப்பாட்டு மேசையில் கோச் எங்களுக்கு ஆறுதல் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல் சொல்லி வைப்பதாகவும் சொன்னார்.'

தலைவி தாளை இறக்கிவிட்டுக் கம்சாயினியைப் பார்த்தார். "இது நீங்கள் எழுதித் தந்ததற்கு நேர்மாறாக இருக்கிறதே."

ஜனார்த்தனுக்கு அப்போதுதான் மேசையும் கறியும் தன் நெஞ்சு நிமிர்ந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கம்சாயினி மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கஜானி ஒருநாளும் அவளைக் கோச் என்று கூப்பிட்டதில்லை. கம்சி என்பாள்.

"நான் அப்படிச் சொல்லவில்லை," என்றாள் தலைவியிடம்.

"அப்படியென்றால் சொன்னது யார்?"

கம்சாயினி தன் கைகளைப் பார்த்தாள். "என்னுடைய வீட்டு மேசையில்தான் நடந்தது," என்றாள். அவன் பெயரை இழுக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் ஏதோ குறித்துக்கொண்டார். இப்படியே விட்டால் என்ன நடக்கும் என்று ஜனார்த்தனுக்குத் தெரிந்தது. அவளுடைய வேலை போகும். கொளுக்கியிலிருந்து அந்த ஜாக்கெட் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் ஒரு கோச்சும் ஒரு ஆன்ட்டியும் பழையபடி இருப்பார்கள். அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததைக் கண்டு அவனுக்கே பயம் பிடித்தது.

"அது நான்," என்றான். "அந்த அம்மா கோச் என்று எழுதியிருப்பது என்னை. இவ குசினியில் நின்றவ. இவவுக்கு ஒன்றும் தெரியாது."

"முறைப்பாடு கொடுத்ததும் நீங்கள்தானே?"

"ஓம்."

"ஏன் கொடுத்தீர்கள்?"

மூன்று பேரும் பேனையை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசியில், "இந்த வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன்," என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள்.

"அண்டைக்குக் குசினிக்குள்ள என்னத்துக்குச் சிரிச்சனீங்கள்?" என்று கேட்டான்.

"அதுக்காகவோ எழுதினீங்கள்?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

"நீங்கள் விசில் ஊதிப்போட்டு இடுப்பில கையை வைச்சு நிக்கிறதை அவள் நடிச்சுக் காட்டினவள். அவ்வளவுதான்."

முடிவு ஒரு கிழமையில் வந்தது. கம்சாயினியில் குற்றமில்லை. ஆனால் அவள் வீட்டிலுள்ள ஆள் விதியை மீறியதால் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. ஜனார்த்தன் வருட முடிவு வரை எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது. பிரணவி இந்த சீசன் எல்ம்பரி முதல் அணியில் ஆடக் கூடாது.

மூன்றாவதை அவன் இரண்டு முறை வாசித்தான். பிள்ளை என்ன செய்தாள்?

"அதை நீங்கள் போய்ச் சொல்லுங்கோ," என்றாள் கம்சாயினி.

எப்சமில் அந்தப் புது வீட்டில் பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் கிடந்தன. அவன் நின்றபடியே சொன்னான். இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிரணவி, "முழு சீசனுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். ஓம் என்றதும் உள்ளே போய்விட்டாள். கஜானி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கட வீட்டுச் சண்டைக்குள்ள என்ர பிள்ளையை என்னத்துக்கு இழுத்தனீங்கள்?"

"பிழைதான், தங்கச்சி."

"பிழையெண்டு சொன்னா அவள் விளையாடுவாளோ?"

கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. அவன் பஸ் தரிப்பிடத்தை விட்டுவிட்டு இன்னும் இரண்டு தரிப்பிடம் நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தைச் சோதிலிங்கம் திறந்தார். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜனார்த்தன் வீட்டில் புல் வெட்டினான். கம்சாயினி தங்கள் அறைக்குத் திரும்பியிருந்தாள். ஆனால் பயிற்சியைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. முன்பெல்லாம், "இந்தப் பிள்ளைக்குக் கை பிந்துது, என்ன செய்யலாம்?" என்று கேட்பாள்; அவன் வேண்டுமென்றே அரைகுறையாகப் பதில் சொல்வான். இப்போது கேட்கமாட்டாளா என்று இருந்தது.

மார்ச்சில் எல்ம்பரிக்குக் காலிறுதி. வரச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவனாகவே போய் மேல் வரிசையில் ஒரு தூணோரம் இருந்தான். பிரணவி வாங்கில் முடிவில் தாள் மட்டையோடு இருந்து ஒவ்வொரு பந்தையும் குறித்தாள். அவளுடைய இடத்தில் ஆடிய பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் பந்து ஒரு சாண் தாழத்தான் எழும்பியது. இடைவேளையில் கம்சாயினி பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஏதோ சொன்னாள். சத்தம் போடவில்லை, விரலை நீட்டவில்லை. அவனென்றால் மூன்று விஷயம் சொல்லியிருப்பான். அவள் ஒன்றுதான் சொல்லியிருப்பாள் போல. பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய் அதை அப்படியே செய்தார்கள். அவள் தன்னை விடக் கெட்டிக்காரி என்பதை இவ்வளவு தூரத்திலிருந்து அவன் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்கப் பெருமையும் வந்தது, வயிறும் எரிந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க அவனால் முடியவில்லை.

ஐந்தாவது செற்றில் பதின்மூன்றுக்குப் பதினைந்து என்று தோற்றார்கள்.

காரில் அவளுடைய ஜாக்கெட் பின் சீற்றில் கிடந்தது. மழை தூறியது. வைப்பர் நாலைந்து தரம் போய் வந்த பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"கம்சி, நீர் தோத்த உடன எனக்கு முதல் வந்தது சந்தோசம். பிறகுதான் கவலை வந்தது. சொல்லாம இருக்கேலாது, அதான்."

அவள் சிக்னல் போட்டு லேன் மாறினாள்.

"தெரியும்."

"என்னெண்டு தெரியும்?"

"பதினொரு வருசம் அந்த மண்டபத்தில உங்களுக்குக் கை தட்டினனான். மாவட்டத்துக்கு ஆடினவள், ஆன்ட்டியா நிண்டு தண்ணிப் போத்தல் நிரப்பினனான். எனக்கு அந்த எரிச்சல் வந்திருக்காது எண்டு நினைக்கிறீங்களோ?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் ஒருநாளும் சொல்லேல்லையே."

"சங்கத்துக்கு எழுதவுமில்லை."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. பச்சை விழுந்த பிறகு அவள் கேட்டாள், வேறு யாரிடமோ கேட்பது போல:

"மேல இருந்துதானே பாத்தனீங்கள். கடைசி செற்றில எங்க பிழைச்சது?"

முன்பென்றால் அவன் மழுப்பியிருப்பான். "இடப்பக்கம் பின்னால நிண்ட பிள்ளை," என்றான். "பந்து கையை விட்டு வர முதலே முன்னுக்கு ஓடுறாள். பத்துப் பொயின்றுக்குப் பிறகு எதிர்ப்பக்கம் அதைக் கண்டிட்டினம். ஒவ்வொரு சேர்விசும் அவளுக்குப் பின்னாலதான் விழுந்தது."

"அவளை முன்னுக்கு ஓடச் சொன்னது நான்."

"அப்ப நீர் சொன்னது பிழை."

"பிழையில்லை. முன்னுக்குப் போகாட்டி கட்டைப் பந்தை ஆர் எடுக்கிறது?"

"அதுக்கு நடுவில நிக்கிறவள் இருக்கிறாளெல்லோ!"

"அவளுக்கு முழங்கால் நோ, உங்களுக்குத் தெரியுமோ?"

அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் விடவில்லை. ரானுயி வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இஞ்சினை அணைத்த பிறகும் இருவரும் இறங்காமல் அதையே கதைத்துக்கொண்டிருந்தார்கள்.